கயிறு கட்டிய பாட்டில்

மண்டபம் ஊர்ப் பக்கம் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெளுத்த சட்டை, உப்புக்காற்றில் துருவேறிய சைக்கிள். தண்ணீர் பாட்டிலை வலைக் கயிற்றால் சைக்கிள் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தார். தாகமெடுத்தால் இறங்கி, முடிச்சை அவிழ்த்துக் குடித்து, மறுபடி கட்டிய பிறகுதான் ஏறுவார். அதற்குள் பத்துப் பேர் அவரைத் தாண்டிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே தாண்டியவர்களில் நானும் ஒருவன்.

குண்டும் குழியுமான கடற்கரைச் சாலையில் என் பாட்டில் எகிறி விழுந்து, பின்னால் வந்த சக்கரத்தில் நசுங்கியது. கொஞ்ச தூரத்தில் தலை சுற்றவே, ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு அவர் வந்தார். இறங்கி, நிதானமாக முடிச்சை அவிழ்த்து, பாட்டிலை நீட்டினார்.

"குடிங்க தம்பி."

குடித்தேன். "சும்மா சொருகி வச்சா சட்டுனு உருவிக் குடிக்கலாமேண்ணே. எதுக்கு இம்புட்டுக் கட்டு?"

"ஒருக்கா நடுக்கடல்ல படகு எஞ்சின் நின்னுபோச்சு. தண்ணிக் கேனைக் கட்டாம வச்சிருந்தோம், அலையில போயிருச்சு. ரெண்டு பேரு போனோம் தம்பி. கரைக்கு நான் மட்டுந்தேன் வந்தேன்."

பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அதை அவர் குடிக்கவில்லை. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லாத சாலையில் தனியாக மிதித்துப் போனார்.

கேனைக் கட்ட மறந்தது அவரா, கூடப் போனவரா என்று யோசித்துக்கொண்டே என் சைக்கிளை எடுத்தேன்.