துணி பிழிந்த சக்கரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்பேனர் இருக்கும். மெஷின் எங்கே முனகினாலும் மெக்கானிக் வருவதற்குள் அவள் கை உள்ளே போயிருக்கும்.

மரவேலையில் அவளுக்கு அப்படி ஒரு பித்து. ஸ்டூல், அலமாரி எல்லாம் வீட்டுப் பின்னறையிலேயே செய்துவிடுவாள். கட்டையை உருட்டி உருட்டிக் கடைகிற கடைசல் மெஷின் மட்டும் இல்லை. விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பியவள் அவள்.

ஒருநாள் கூடத்துக்குப் புது மின்சார மெஷின் வந்தது. கையால் சுற்றித் துணி பிழிந்த பழைய வார்ப்பிரும்பு மெஷினைக் காட்டி, “யாராவது தூக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்றார் மேற்பார்வையாளர்.

“நான் எடுத்துக்கிறேன் சார்!”

“விளையாடாதம்மா. யானை மாதிரி இருக்கு.”

அவளுக்கோ வாயெல்லாம் பல். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பாதம் வைத்த கனத்த சட்டம், ஆளுயரத்தில் பாதி இருக்கும் பெரிய சக்கரம், உருளைகளை இறுக்குகிற திருகு. கடைசல் மெஷினுக்கு வேண்டியது முக்கால்வாசி அங்கேயே நின்றது! பழைய மெஷின் என்று மற்றவர்கள் பார்த்ததை அவள் மனசுக்குள் கழற்றி, மறுபடி பூட்டியே முடித்துவிட்டாள்.

அவள் கணவர் கண்ணாடிக்கடையில் கண்ணாடி வெட்டுபவர். எதையும் பூப்போல வைத்து எடுத்தே பழகிய கை. கழற்றிய மெஷினை ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“ஏம்மா, வீட்டுக்குள்ள இது இருக்கணுமா, நாம இருக்கணுமா?”

“ரெண்டு பேரும் இருக்கலாங்க. அந்தப் பக்கம் பிடிங்க!”

சக்கரம் இறங்கியது. ஒரு சட்டமும் இறங்கியது. இரண்டாவது சட்டம் பாதியில் நழுவிப் படிக்கட்டில் மோதியது. ‘ணங்’ என்று ஒரு சத்தம். சட்டத்தின் ஒரு பாதம் துண்டாகத் தெறித்து ஓடியது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவருக்கு முகம் செத்துப்போயிற்று.

“என் கைதான் வழுக்கிடுச்சு. வெல்டு வச்சுக்கலாமா?”

“வார்ப்பிரும்புங்க. சும்மா வெல்டு வச்சா பக்கத்துலயே விரிசல் விடும்.”

சட்டங்களை எப்படியோ பின்னறைக்குச் சேர்த்தார்கள். அன்றெல்லாம் அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து, மனசு கேட்காமல் உடைந்த சட்டத்தைச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தினாள். பாதம் போன பக்கமாகச் சட்டம் தாழ்ந்ததில், அச்சு போகிற துளை அவள் முழங்கைக்கு நேராக நின்றது. ஓடிப்போய் நல்ல சட்டத்தின் அருகே நின்று பார்த்தாள். அங்கே துளை நெஞ்சுக்கு நேராக இருந்தது. நெஞ்சுயரத்தில் உளியைத் தூக்கிப் பிடித்தால் தோள் என்ன ஆவது? குள்ளமான அவளுக்கு உடைந்த உயரம்தான் சரியான உயரம்!

“என்னங்க! சீக்கிரம் வாங்க! ரம்பத்தை எடுங்க!”

“எதுக்கு?”

“மத்த மூணு பாதத்தையும் அறுக்கப் போறேன்!”

“ஒண்ணு உடைஞ்சதுக்கு மூணையும் உடைக்கிறியா? நல்லாத்தான இருக்கே?”

வாய்தான் அப்படிக் கேட்டது. கை ரம்பத்தைத் தேடிப் போயிருந்தது. மாறி மாறி அறுத்தார்கள். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வரவில்லை. கரியைப் பொடித்தாற்போல் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. இருவர் முகத்திலும் மீசை முளைத்தது.

பிறகு வந்த விடுமுறைகள் எல்லாம் பின்னறையிலேயே போயின. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே கனத்த மரச்சட்டம் பூட்டினாள். பழைய உருளையின் எஃகு அச்சு மேலே ஏறியது. அதில் ஒரு சின்னக் கப்பி. உருளைகளை இறுக்கிய திருகைப் படுக்கவைத்து, கட்டையின் மறுமுனையைப் பிடிக்கிற திருகாக்கினாள். பெரிய சக்கரத்தைக் கீழே மாட்டியபோது இரண்டு விரல் இடைவெளியில் தரையைத் தொடாமல் தப்பியது. அவளுக்குப் போன உயிர் வந்தது. சக்கரத்துக்கும் கப்பிக்கும் தோல் பட்டை போட்டு, ஒரு கட்டையைப் பூட்டினாள்.

“கைப்பிடியைச் சுத்துங்க.”

அவர் கண்ணாடியைத் தொடுவதுபோலத் தொட்டுச் சுற்றினார். கட்டை சோம்பேறித்தனமாகத் திரும்பியது.

“வேகமாங்க! உடையாது, இரும்பு!”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். கீழே சக்கரம் ஒருமுறை வருவதற்குள் மேலே கட்டை பம்பரமாகப் பல சுற்று வந்துவிட்டது. அவள் உளியை வைத்தாள். ‘சர்ர்ர்’ என்று மரச்சுருள் கிளம்பி அவள் காதைத் தாண்டிப் பறந்தது. அடுத்தது அவர் சட்டைப்பையிலேயே விழுந்தது.

“வருதுடி! வருது!” என்று அவர் கத்திய கத்தில் மாடியிலிருந்து அவருடைய அக்கா இறங்கி ஓடிவந்தார்.

“என்னடா, வீடு இடியுதா?”

“இல்லக்கா, கடையுது!”

“தள்ளுடா, நானும் ஒரு சுத்து சுத்திப் பாக்குறேன்.”

“அண்ணி, புடவையை இழுத்துச் செருகிக்குங்க, பட்டையில மாட்டிக்கும்!” என்றாள் அவள்.

முதலில் வந்தது இழுப்பறைக்கு ஒரு குமிழ். ஒரு பக்கம் கொஞ்சம் பெருத்திருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. அக்காவிடமிருந்து கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட நின்றார் கணவர்.

“என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற? அடுத்த கட்டையைப் போடு!”