என் அம்மா ரேகை வைத்த பத்திரம்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிற பையனுக்கு என் மகளைக் கொடுப்பதாகப் பேசி, தாம்பூலம் மாற்ற நாளும் குறித்த பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள். அப்பாவின் தங்கை, எழுபத்தைந்து வயது. காது கேட்காது. ஞாபகம் மட்டும் வேண்டாத நேரத்தில் நன்றாக வேலை செய்யும்.

"அந்த ஊட்டுலதான்டா உங்கம்மா மொதல்ல வாழ்க்கப்பட்டா. ஒத்து வரல. தீர்த்துக்கினு வந்தப்பறம்தான் உங்கப்பன கட்டிக்கினா."

எனக்கு அப்போது அறுபது வயது. அம்மா செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள்கூட அவள் இதைச் சொன்னதில்லை. எருமை காணாமல் போன கதையைப் பத்துத் தடவை சொன்னவள் இதைச் சொல்லவில்லை.

பையனின் அப்பா, என் அம்மாவின் முதல் புருஷனுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. பெற்றது என் அம்மாவா, பின்னால் வந்தவளா? பின்னால் வந்தவள் என்றால் எங்களுக்குள் ஒன்றுமில்லை, கல்யாணம் நடக்கும். என் அம்மா என்றால் அவர் எனக்கு அண்ணன். அவர் மகனும் என் மகளும் அண்ணன் தங்கை.

"புள்ள இருந்துச்சா அத்த?" என்று காதில் கத்தினேன்.

"எனக்கு இன்னாடா தெரியும், நான் அப்போ சின்னப் பொண்ணு. திருவள்ளூர் போயி பத்திரத்துல ரேகை வச்சிட்டு வந்தாங்க. அவ்ளோதான்."

பையன் வீடு இருக்கும் திருப்பாச்சூருக்கே போய் அவன் அப்பாவையே சுற்றி வளைத்துக் கேட்டேன். "எங்கம்மா பத்து வருசம் முன்னாடி செத்துட்டாங்க சம்பந்தி. அவங்கதான் பெத்தாங்க, வளத்தாங்க. ஏன் கேக்கறீங்கோ?" என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விவாகரத்து என்றதும் எல்லாரும் கோர்ட்டைக் கைகாட்டினார்கள். திருவாலங்காட்டில் ரயில் ஏறித் திருவள்ளூர் கோர்ட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை பழைய கட்டுகளைப் பார்க்கிற ஆள் லீவு. இரண்டாம் முறை, "அந்தக் காலத்துல ஊர்ல நாலு பேர் கூடித் தீர்த்துட்டா கோர்ட்டு எதுக்கு பெரியவரே? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாருங்கோ" என்றார்கள். இதை முதல் நாளே வாசலில் இருந்தவர் சொல்லியிருக்கலாம்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "சர்வே நம்பர்?" என்றார்.

"பொம்பளைக்கு ஏது சார் சர்வே நம்பர்?"

அப்போதுதான் நிமிர்ந்தார். நிலம் இல்லாத பத்திரமெல்லாம் நாலாம் புத்தகத்தில் இருக்குமாம். அந்த நகல் ரேகை வைத்தவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம், அவர்கள் இல்லையென்றால் வாரிசுக்கு. நான் வாரிசு என்று காகிதம் வேண்டும்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பட்டா, கிரயப் பத்திரம், எல்லாவற்றிலும் நான் இன்னாரின் மகன், அப்பா பெயர்தான். அம்மா வயிற்றில் பிறந்தேன் என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்தால் இருந்திருக்குமோ என்னவோ. கிராம நிர்வாக அதிகாரி இரண்டு சாட்சி கேட்டார். அத்தையைக் கூட்டிப் போனேன். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் எருமை கதையைச் சொன்னாள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லிக் காகிதம் வருவதற்குள் மூன்று வாரம் போனது. தாம்பூலத்துக்கு நான்கு நாள் பாக்கி.

நகல் கைக்கு வந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை, அவரவர் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று நீட்டிக்கொண்டே போனார். கடைசியில், பிறந்து பத்து மாதமான ஆண் குழந்தை ஒன்று தகப்பன் வசமே இருக்கும் என்றிருந்தது. கீழே அம்மாவின் கட்டைவிரல் ரேகை என்று எழுதியிருந்தது.

அங்கிருந்து நேராகத் திருப்பாச்சூர் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியும். இரண்டு தடவை படித்தார்.

"எம்பேரு போடலியே" என்றார்.

"ஆண் குழந்தை ஒண்ணுன்னு போட்டுக்கீதாம்."

"பத்து மாசம்னா பால் குடிக்கற வயசு இல்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "சம்பந்திக்கு டீல சக்கரை போடலாமா, சுகர் எதுனா கீதா?" என்று கேட்டாள்.

"சம்பந்தி இல்ல, உனுக்குக் கொழுந்தன்" என்றார் அவர். காகிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் மகள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒரு மாசமா அலைஞ்சி இதத்தான் கண்டுபுடிச்சியா நைனா?" என்று புடவையைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"கல்யாணம் என்னிக்குடா?"