கியர்பாக்ஸில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டுப் பழைய ஜீப்பில் மூன்றாவது கியர் போட்டால் தானாக நழுவிவிடும். பேட்டை மெக்கானிக், "கியர்பாக்ஸை இறக்கணும் அண்ணாச்சி, நாலு நாள் ஆவும்" என்றார்.

எங்கள் பெட்டியை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது பழைய பெட்டியை மாட்டிவிடுவாரோ என்று பயம். அவர் அசந்த நேரத்தில், மனைவியின் நகப்பூச்சால் அதில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

இன்று போய்க் குனிந்து பார்த்தால், பொட்டைக் காணோம்!

"இது எங்க பெட்டி இல்ல வே!" என்று கத்தினேன்.

அவர் பதறவே இல்லை. "அந்தச் சிவப்புப் பொட்டா? தின்னர்ல கழுவுனதுல போயிட்டு. இங்கன பாருங்க, பெட்டியிலயே உங்க வண்டி நம்பர். சந்தேகப்படுதவங்களுக்காவே நான் வெட்டி வைக்கேன்."

வெட்கத்தோடு வண்டியை எடுத்தேன். கல்லிடைக்குறிச்சி வரை கியர் நழுவவில்லை.

ஆனாலும், நம்பரை வேறு பெட்டியிலும் வெட்டலாம்தானே? நீங்களே சொல்லுங்கள்.