இலுப்பை மரத்தின் ஜனத்தொகை

சீனிச்சாமி இறந்த செய்தி எனக்கு ஓர் அழைப்பிதழாக வந்து சேர்ந்தது. "நமது பள்ளியின் முன்னாள் விஞ்ஞான ஆசிரியர் அமரர் சீனிச்சாமி அவர்களுக்கு இரங்கல் கூட்டம். தலைமை: முன்னாள் தலைமையாசிரியர். கூட்ட முடிவில் அன்னாரின் நினைவாக மரக்கன்று ஒன்று நடப்படும்." அமரர் என்ற சொல்லைப் பார்த்துத்தான் மனிதர் இல்லை என்று தெரிந்துகொண்டேன். கடைசி வரியைப் படித்தபோது அவர் கொடுத்துவைத்தவர் என்று தோன்றியது. அந்த அழைப்பிதழை அவர் படிக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும் அவரிடம் படித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அதே பள்ளியில் நான் தமிழாசிரியன். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவர் பக்கம் எப்போதும் ஒரு சாடியில் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கும். என் பக்கம் இலக்கணம் இருக்கும்.

பாடப்புத்தகத்தில் 'உயிர்களும் சூழ்நிலையும்' என்று ஓர் அதிகாரம் உண்டு. நான்கு பக்கம். மற்ற ஆசிரியர்கள் அதை ஒரு பீரியடில் வாசிக்கச் சொல்லி முடிப்பார்கள். சீனிச்சாமி பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நான்கு நான்கு பேருக்கு ஒரு முழக்கயிறு கொடுப்பார். கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் மணி அடிக்கும் வரை பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், நாற்பது பையன்கள் மைதானத்தில் குப்புறப் படுத்திருப்பதைக் கண்டு, "என்னய்யா, பிள்ளைகளுக்கு மயக்கமா?" என்று கேட்டார். "இல்லீங்க, பாடம் நடக்குது. செத்த நேரம் சத்தம் போடாம நின்னீங்கன்னா அந்தப் பூச்சி வெளிய வந்துரும்" என்றார் சீனிச்சாமி. இன்ஸ்பெக்டர் நின்றார். அவர் அறிக்கையில் என்ன எழுதினார் என்பது வேறு விஷயம்.

எழுதுவதற்கு அவர் வைத்த விதி ஒன்றுதான். "பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே. பெரியவங்க சொன்னதை எழுதித்தான் ஆகணும்னா, பக்கத்துல அவுங்க பேரையும் எழுதிப்புடு."

அறுபத்தொன்றாம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களையெல்லாம் வீடு வீடாக அனுப்பினார்கள். நாங்கள் காலில் புழுதியோடு திரும்பினோம். சீனிச்சாமி ஒரு யோசனையோடு திரும்பினார். பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் ஓர் இலுப்பை மரம் நின்றது நினைவிருக்கும். அந்த மரத்துக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொன்னார். பையன்கள் கையாலேயே கோடு போட்டுப் படிவம் தயாரித்தார்கள். குடும்பத் தலைவர், பிறந்த இடம், தொழில், எழுதப்படிக்கத் தெரியுமா. கடைசியில் 'யாரை நம்பி இருக்கிறார்' என்று ஒரு கட்டம் இவராகச் சேர்த்தது.

ஒரு வருடம் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. முசுறு எறும்புக்கு, 'உறுப்பினர் எண்ணிக்கை: எண்ண விடவில்லை, கடித்தார்கள்.' குயிலுக்கு, 'சொந்த வீடு இல்லை. பிள்ளைகள் காக்கை வீட்டில்.' காக்கைக்கு, 'எழுதப்படிக்கத் தெரியாது. ஆளைத் தெரியும்.' இதையெல்லாம் எழுதியவன் காதர், தோல் வியாபாரி வீட்டுப் பையன். மரத்தடியில் கடலை விற்ற ராக்காயிக்கும் ஒரு தாள் போட்டான்.

"ஏலே, தொழில்ங்கிற எடத்துல என்ன போட்ட?"

"கடலை யாவாரம்."

"யாரை நம்பின்னு கேட்டா?"

"மரத்தைன்னு போட்ருக்கேன்."

"ஒன்னைய மாதிரி கடன் சொல்ற பயலுகளை நம்புறதுக்கு மரம் தேவலதான். சரியாத்தான் எழுதிருக்க."

தாள்களை வகுப்புச் சுவரில் ஒட்டி, கடைசிக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தாளுக்கு நூல் கட்டினார்கள். எல்லா நூலும் சுற்றிச் சுற்றி நடுவிலிருந்த மரத்தின் தாளுக்கே வந்தன. நான்கு பக்க அதிகாரத்தில் இருந்தது இவ்வளவுதான். அந்தச் சுவரைப் பார்த்த பிறகு அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மறுவருடம் ஆடி மாதம் எங்கள் பள்ளியில் மரம் நடு விழா நடத்த உத்தரவு வந்தது. மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அவருடைய கார் மேடை வரை வர வேண்டும். கார் திரும்பும் இடத்தில் இலுப்பை நின்றது. தலைமையாசிரியர் அதை வெட்டச் சொன்னார்.

நான் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், இவ்வளவு மலிவாகவா யோசிப்பது என்று எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் நடந்தது. சீனிச்சாமி இரண்டு முறை தலைமையாசிரியர் அறைக்குப் போய் வந்தார். மூன்றாம் முறை போனபோது கோடாரிச் சத்தம் கேட்டது. ராக்காயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "பந்தல் போட எடமில்லைன்னு பொண்ணையே வெளிய நிறுத்திட்டாங்களே, நல்லாருக்குய்யா ஒங்க கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அந்தப் பள்ளியில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அது.

அதிகாரி வந்தார். சாலையிலேயே காரை நிறுத்திவிட்டு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி நடந்தே உள்ளே வந்தார். அடிமரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கன்றை நட்டார். நான் வரவேற்புப் பத்திரம் வாசித்தேன். அதில் அவரை 'பசுமையின் காவலரே' என்று விளித்திருந்தேன். கைதட்டினார்கள்.

மறுநாள், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அதே பையன்களுக்கு வழக்கம்போலப் பாடம் நடந்தது. அதே படிவம். 'தற்போதைய முகவரி' என்று ஒரு கட்டம் மட்டும் புதிது. பையன்கள் தெருத்தெருவாகத் தேடி எழுதினார்கள். ராக்காயி: பஸ் ஸ்டாண்டு, போலீஸ்காரர் விரட்டுகிறார். வௌவால்: தெரியவில்லை. அணில் குஞ்சு மூன்று: வெட்டிய இடத்தில், இறந்துவிட்டன.

விழா அறிக்கை எழுதி மேலே அனுப்ப வேண்டிய பொறுப்பு விஞ்ஞான ஆசிரியருடையது. சீனிச்சாமி அந்தத் தாள்களை அப்படியே கட்டி, 'விழாவின் விளைவுகள்' என்று மேலே எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கமுடையவர் அல்லர். 'மேலனுப்பப்படுகிறது' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் தாள்கள் திரும்பி வந்தன, விளக்கம் கேட்டு. தலைமையாசிரியருக்கு இப்போது ஒரு நோயுள்ள மரம் தேவைப்பட்டது. மரம் உள்ளே உளுத்து விழும் நிலையில் இருந்தது என்று ஒரு வாக்குமூலம் தயாரானது. சீனிச்சாமி தவிர ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்திட்டோம். நான் மூன்றாவது கையெழுத்து. தமிழாசிரியன் என்பதால் இரண்டு சந்திப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். சீனிச்சாமி மேல் வைத்த குற்றம், அரசாங்கப் படிவத்தின் மாதிரியைத் தவறாகப் பயன்படுத்தியது. கீரனூருக்கு மாற்றினார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த வகுப்பில் ஒவ்வொரு பையனையும், 'நான் எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்கள். காதர் மாட்டேன் என்றான். "பார்த்ததைத்தான சார் எழுதுனேன்" என்றான். பிரம்பு முடிந்த பிறகு எழுதினான். தமிழய்யாவாகிய நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீரனூருக்கு ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். பள்ளி வாசலில் ஒருவர், "ஏனுங்க, கயிறு வாத்தியாரைப் பாக்கோணுங்களா?" என்று வழிகாட்டினார். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார் சீனிச்சாமி. என் கையெழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னார். "தமிழய்யா, எனக்கு மாத்தல் ஒரு பெரிய விஷயமில்ல. அந்தப் பயலுக தாங்க பார்த்தது பொய்யோன்னு நெனைச்சுக்கிட்டே வளந்துரக் கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." சொல்கிறேன் என்றேன். அவர் இறக்கும் வரை சொல்லவில்லை. எனக்கு ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது. கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு சரியான காரணம் கைவசம் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். தலைமை வகித்த அதே தலைமையாசிரியர், சீனிச்சாமி இயற்கையின் நண்பர் என்றும், அவரைத் தாம் எப்போதும் ஊக்குவித்ததாகவும் பேசினார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு கன்று நட்டார்கள், அது வளர்ந்திருந்த தகரக் குவளையைக்கூடக் கழற்றாமல். எல்லாரும் கலைந்தபோது மீசை வைத்த ஓர் ஆள் என்னிடம் வந்தான். காதர். அப்பாவின் தோல் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறானாம். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அய்யா, அந்த மரம் நெசமாவே உளுத்துத்தான் போயிருந்துச்சா?" என்று கேட்டான்.

ஏழு வருடமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறான். தலைமை வகித்தவர் பக்கத்தில் நின்றார். "அப்புறம் பேசுவம்ப்பா" என்றேன்.

சீனிச்சாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய விதி ஒன்றுதான். அதன்படி ஒரே ஒரு முறையாவது எழுதிவிடுகிறேன். காதர், அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெட்டிய அன்று சாயங்காலம் அடிமரத்தை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவரை கெட்டியான மரம். ஓர் ஓட்டை இல்லை, ஒரு புழு இல்லை. நீங்கள் எழுதியது உண்மை. நான் கையெழுத்துப் போட்டது பொய்.