கைதட்டுவதுதான் டிக்கெட்

பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, காலை மணி 10:20. ‘சும்மா போகலாம்’ வாட்ஸ்அப் குழுவில் அப்போது 143 பேர். ஜமீலா அக்காவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் பத்து மணிக்கு வருவதுதான்: இந்தச் சனி, ஞாயிறில் நாங்கள் குடியேறிய இந்த ஃபிரிஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் காசில்லாமல் எங்கே போகலாம் என்று. இன்று இருபது நிமிடம் தாமதம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். கேட்பதற்கு முன்பே பதினேழு பேர் கட்டைவிரலைப் போட்டுவிட்டார்கள். ‘சூப்பர் அக்கா, ஃபேமிலியோட வர்றோம்’ என்று ஒருவர் எழுதினார்.

பதிவில் இருந்தது அக்காவின் குரல் இல்லை. அவர் கணவர் ரஃபீக் அண்ணனின் குரல். “ஜமீலா இன்னிக்குக் காலைல மவுத்தாயிட்டா. ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிலதான் இருக்கோம். எல்லாரும் துஆ செய்ங்க.” மரணச் செய்தி என்று தெரிந்ததும் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அந்தப் பதினேழு பேரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்காமலே சரி என்று சொல்லும் அளவுக்கு ஒருவருடைய வார்த்தையை நம்பியிருக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதுகிறவன். என் வேலையில் யாரும் எதையும் அப்படி நம்புவதில்லை, நம்பவும் கூடாது. அக்காவை நம்பலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: கீழக்கரைக்காரர். வயது ஐம்பத்திரண்டு. வீட்டிலிருந்தே ஒரு கிளினிக்குக்கு பில்லிங் வேலை பார்த்தார், புதன்கிழமை விடுமுறை. ஒரே மகள் வேறு ஊரில் படிக்கிறாள். எட்டு சீட் வேன் ஒன்று வைத்திருந்தார். அதை ஃப்ரீவேயில் அவர் ஓட்டும் வேகத்தில் நான் நடந்தே போய்விடுவேன். குரல் பதிவுகள் ஆறு நிமிடம், ஏழு நிமிடம் நீளும். நான் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பேன்.

ஒரு விதி வைத்திருந்தார். தான் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்காத இடத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். நாற்காலிக்குச் சாய்மானம் உண்டா, கழிப்பறை எத்தனை தூரம், மூன்று மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமா, அங்கிருப்பவர்கள் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்களா. இதெல்லாம் எந்த வலைத்தளத்திலும் இருக்காது. இந்த ஊரில் பர்ஸைத் திறக்காமல் ஒன்றுமே இல்லை என்று நாம் எல்லோரும் சலித்துக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறை திருப்பிக் கேட்டார்: “ஒண்ணும் இல்லைன்னு உக்காந்து பாத்துட்டுச் சொல்றியா, கார்ல போயிட்டே சொல்றியா?”

நான் அவரை முதலில் அழைத்தது நவம்பரில், என் அப்பாவுக்காக. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கோபியில் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. ஆறு மாதம் என்னோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்தேன். அந்த வீட்டில் அவர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு வேலை ஓடாது. ஆனால் இங்கே கார் ஓட்டத் தெரியாதவருக்கு வீடே சிறை. நான் விலையுயர்ந்த டிக்கெட்டுகளாக வாங்கி எங்கெங்கோ கூட்டிப்போனேன். பாதியிலேயே “கார்ல உக்காந்துக்கறேன் கண்ணு” என்பார். மூன்றாவது ஞாயிறு தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “டிக்கெட்ட முன்னால மாத்திக் குடு. ஊருக்குப் போயர்றேன்.” அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு.

அக்காவிடம் நேராகவே விஷயத்துக்கு வந்தேன்.

“அக்கா, எங்கப்பாவுக்கு போரடிக்குது. உங்ககிட்ட இருக்கற எடத்தையெல்லாம் ஒரு ஷீட்ல போட்டு ஷேர் பண்ணுங்க. நானே ஃபில்டர் பண்ணிக்கிறேன்.”

“அது இருக்கட்டும் தம்பி. வாப்பாவுக்கு முட்டி எப்படி?”

“முட்டியா? நல்லாத்தான் இருக்கு.”

“கேட்டியா, நீயா நெனச்சுக்கிட்டியா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கேட்டேன். இடது முட்டி இரண்டு வருடமாக வலிக்கிறதாம்.

“புதன்கிழமை பத்து மணிக்கு ரெடியா இருக்கச் சொல்லு. தண்ணி பாட்டில், ஸ்வெட்டர். பர்ஸ் வேணாம்.”

அந்தப் புதன்கிழமை மாலை அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். வேனில் அவரைப்போலவே பிள்ளைகளைப் பார்க்க வந்த நான்கு பேர் இருந்தார்களாம். விமான நிலையத்துக்கு வடக்கே ஒரு புல்மேட்டில் மடக்கு நாற்காலி போட்டு, விமானம் இறங்குவதை இரண்டு மணி நேரம் பார்த்தார்களாம். “அந்த அம்மிணி இங்க வந்த புதுசுல ரெண்டு வருசம் லைசென்ஸ் இல்லாம ஊட்டுக்குள்ளயே கெடந்துருக்குது. நடக்கற தூரத்துல ஃபயர் சர்வீஸ் ஒண்ணுதான். தெனமும் போயி அவனுக வண்டி கழுவறத நின்னு பாத்துட்டு வருமாம்” என்றார். நான் இதைப் பின்னால் அக்காவிடம் கேட்டேன். சிரித்தார். “டிவிய விட அது தேவலாம் தம்பி. அங்க நான் கை ஆட்டினா திரும்ப கை ஆட்டுவாங்க.”

மாதிரி வீடு பார்க்கப் போன புதன்கிழமை நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஃபிரிஸ்கோவில் புதுக் குடியிருப்பு இல்லாத திசை இல்லை. ஒவ்வொன்றிலும் விற்பனைக்காக அலங்கரித்த மாதிரி வீடு ஒன்று திறந்தே இருக்கும். ஏசி, சோபா, தட்டில் குக்கீ. வாங்குகிற மாதிரி நடித்துப் பார்த்துவிட்டு வரும் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அக்கா நடிக்கமாட்டார். உள்ளே நுழைந்ததும் விற்பனையாளர் டெப்ராவிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: இன்று யாரும் வாங்கப்போவதில்லை, இவர்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள் எப்படிப்பட்ட வீட்டுக்கு ஆசைப்படுகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். டெப்ரா இன்னொரு தட்டு குக்கீ எடுத்து வந்தார்.

எங்கள் கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. பின்னாலேயே நிஜமாக வீடு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வரிசையாக இருந்த செருப்புகளைப் பார்த்துத் தாங்களும் ஷூவைக் கழற்றினார்கள். அப்பா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தம்பதியிடம் தன் ஆங்கிலத்தில், மேற்குப் பக்கம் இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தால் சாயங்காலம் அடுப்பே தேவையில்லை என்று விளக்க ஆரம்பித்தார். டெப்ராவின் முகம் மாறியது. அக்கா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாப்பா, குக்கீ தின்ன எடத்துல இப்படிக் குறை சொல்லலாமா?”

“உள்ளதச் சொன்னனுங்க அம்மிணி.”

“உள்ளதுல நல்லதும் இருக்குல்ல? அதையும் சொல்லுங்க.”

அப்பா யோசித்தார். மாடிப்படி முட்டிக்கு இதமாகக் கட்டியிருக்கிறது என்று அந்தத் தம்பதியிடம் சொன்னார். அவர்கள் வீட்டை வாங்கினார்களா என்று தெரியாது. டெப்ரா மறுபடி சிரித்தார், அடுத்த புதனும் வரச் சொன்னார். அவர் சும்மா சொல்லவில்லை. அதன் பிறகு பல புதன்கிழமைகளில் வண்டி முடிவில் அங்கேதான் போய் நின்றது. குக்கீ தயாராக இருக்கும்.

நான் கேட்ட ஷீட்டை அக்கா தரவே இல்லை, எனக்குப் பொறுமையும் கிடையாது. இரண்டே நாளில் ஒரு புரோகிராம் எழுதினேன். சுற்றுவட்டார நகராட்சிகள், நூலகங்கள், பள்ளிகள் அறிவிக்கும் இலவச நிகழ்ச்சிகளை அதுவே திரட்டிக் கொண்டுவந்துவிடும். பெருமையாக அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “நல்லா இருக்கே. இனிமே எங்க போய் உக்காந்து பாக்கணும்னு நான் தேட வேணாம்” என்றார். வேலை அங்கே முடிந்தது என்று நான் நினைத்தேன், அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று அவர் நினைத்தார். நான் வாக்குவாதம் செய்தேன். அவர் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என் பட்டியலிலிருந்து ஆறு இடங்களில் உட்கார்ந்து பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒன்று நகர மன்றக் கூட்டம். அப்பாவுக்கு அது திருவிழா. பக்கத்து வீட்டு வேலி உயரமாக இருக்கிறது என்று ஒருவர் புகார் சொல்ல, மூன்று நிமிடத்தில் மணி அடித்து உட்கார வைத்தார்களாம். “எங்க சங்கத்துல அந்த மணி ஒண்ணு இருந்திருந்தா நான் இன்னும் அஞ்சு வருசம் தெம்பா வேல பாத்திருப்பேன்” என்றார்.

இரண்டாவது, டிசம்பரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் பேண்டு கச்சேரி. அந்த வருடம்தான் வாத்தியத்தைக் கையில் எடுத்த குழந்தைகள். சத்தியமாகச் சொல்கிறேன், காது கூசியது. மூன்றாவது பாட்டில் நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“அக்கா, முடியல.”

“ஃப்ரீன்னா கைதட்டுறதுதான் தம்பி டிக்கெட். உள்ள வந்துட்ட. டிக்கெட் வாங்காம வெளிய போவியா?”

உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டில் டியூபா என்கிற பெரிய ஊதுவாத்தியத்தை வாசித்த பெண் ஒரு இடத்தில் தப்பாக நுழைந்து, நிறுத்தி, முகம் சிவந்து, மறுபடி சேர்ந்துகொண்டாள். முடிந்ததும் அரங்கில் வழக்கமான கைதட்டல். எங்கள் வரிசை மட்டும் எழுந்து நின்றது: ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஐந்து முதியவர்கள், நடுவில் அக்கா. அப்பா தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டினார். அம்மா போன பிறகு அவர் எதற்காகவும் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. டியூபாக்காரி எங்களைப் பார்த்தாள். யார் இவர்கள் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அடுத்த கச்சேரி எப்பக் கண்ணு?” என்றுதான் கேட்டார். மார்ச்சில் என்று சொன்னேன். காலண்டரில் குறித்துக்கொண்டார்.

அந்தக் குரல் பதிவு வந்த மறுநாள், சனிக்கிழமை, அக்காவை அடக்கம் செய்தார்கள். குழுவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், அவர் வேனில் போன அம்மாக்களும் அப்பாக்களும் உட்பட. ரஃபீக் அண்ணன் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க சீட் பெல்ட் சரியா மாட்டலைன்னு வீட்டுல வந்து சொல்லிட்டிருப்பா” என்றார். அப்பா தலையை ஆட்டினார். திரும்பும்போது என் காரில் ஏறியதும் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தார்.

அதற்கடுத்த புதன்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கூடத்துக்கு வந்தபோது அப்பா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் போட்டு, ஷூ போட்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. வண்டி வராது என்று அவருக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பழக்கத்துல போட்டுட்டேன்” என்றார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “டிக்கெட்ட மாத்திரலாமா கண்ணு?”

எதற்கும் பட்டென்று பதில் சொல்லும் ஆள் நான். அன்று இரண்டு மீட்டிங்கை ரத்து செய்துவிட்டு அக்காவின் பழைய பதிவுகளைக் கேட்டேன், முதல் தடவையாக இயல்பான வேகத்தில். இடையிடையே விமானம் இறங்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், தூரத்தில் யாரோ சிரிப்பது. எல்லாப் பதிவையும் அந்தந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேதான் பேசியிருக்கிறார். வேகமாக ஓட்டியதில் எனக்கு அது கேட்கவே இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதிவுகளும், அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பும்தான்.

அப்பாவுக்கு என் பதில் இது. இனி நான் செய்யப்போவது:

1. ரஃபீக் அண்ணனிடமிருந்து புதன்கிழமைகளுக்கு வேன் சாவியை வாங்கிக்கொள்வது. இப்போது கேட்கக்கூடாது என்று தயங்கினேன். நேற்று அவரே அழைத்து, “வண்டி சும்மா நிக்குது தம்பி” என்றார்.

2. ஆபீஸ் காலண்டரில் புதன் காலை பத்திலிருந்து ஒன்று வரை அடைத்துவைப்பது. காரணம் எழுதப்போவதில்லை.

3. மாதிரி வீட்டுக்குப் போய் டெப்ராவிடம் நேரில் சொல்வது. அவருக்கு இன்னும் தெரியாது. குக்கீ எடுத்துவைத்துக் காத்திருந்திருப்பார்.

4. சனிக்கிழமை, புரோகிராம் கொடுத்த பட்டியலில் முதல் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்வது. போனைக் காரிலேயே வைத்துவிட்டு.

5. தேறினால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழுவில் சொல்வது. கேட்காமல் யாரும் கட்டைவிரல் போட வேண்டாம். அந்த நம்பிக்கையை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை.

6. டிக்கெட்டை மாற்றாமல் இருப்பது. அப்பா மறுபடி கேட்டால், காலண்டரில் அவர் குறித்திருப்பதைக் காட்டுவது.

7. மார்ச்சில் அந்தப் பள்ளிக்கு அப்பாவையும் மற்ற நான்கு பேரையும் கூட்டிப்போவது. எவ்வளவு காது கூசினாலும், முடிந்ததும் எங்கள் வரிசையில் முதல் ஆளாக எழுந்து நிற்பது.