கெண்டைக்கால் நரம்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் என் கணவருக்குத் திருவள்ளூர் அரிசி ஆலையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்துச் சுருண்டிருந்தன. ஒருநாள் காலை குளிக்கும்போது அதில் ஒன்று வெடித்து ரத்தம் பீறிட்டது.

"வலிக்கவே இல்ல, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.

முழங்காலுக்கு மேல் கயிறு கட்டினேன். ரத்தம் இன்னும் அதிகமாகக் கொட்டியது. என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு நர்சம்மா ஓடிவந்தார்.

"கயித்த அவுத்துடுமா! மேல ஏற வேண்டிய ரத்தத்த அது தடுக்குது. படுக்க வச்சி கால மேல தூக்கு!"

துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றது. எனக்குப் பயம் நிற்கவில்லை.

"கால எடுத்துடுவாங்களா நர்சம்மா?"

"கெட்டுப்போன நரம்பத்தான் எடுப்பாங்க."

சென்னை ஆஸ்பத்திரியில் அவர் சொன்னபடியே நரம்பை மட்டும் எடுத்தார்கள். புண் ஆறி அவர் வேலைக்குப் போனார். நான்தான் தினமும் சாயங்காலம் அந்தக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.