எண் எழுதிய கிணறு

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் செந்தில் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். எந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் அரசாங்கப் பக்கமாம். "உங்க ஊரு சொல்லுங்கண்ணா, போட்டுப் பாக்கலாம்" என்றான். சொன்னேன். திரையில் ஒரு நீலப் புள்ளி வந்து நின்றது. அது எங்கள் கிணறு. டீயில் சர்க்கரை போடவில்லையா என்று கடைக்காரரைக் கேட்டேன். போட்டுத்தான் இருந்தார், பாவம்.

புள்ளி நீலம். ஆனால் எங்கள் கிணற்றுச் சுவரில் எழுதிய எண் மஞ்சள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தேசூர் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு நீர்வளத் துறைக்காரர் ஒருவர் வந்து, துறைக் கணக்கில் எங்கள் கிணற்றுக்கு இதுதான் நம்பர் என்று அதை எழுதிவிட்டுப் போனார். மாதாமாதம் மட்டம் பார்க்கப் போகிறார்களாம். அந்தப் பெயின்ட் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆரணிப் பள்ளிக்கூடத்தில் நெசவு வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சரிகையைப் பற்றிப் பெருமையடிப்பார்கள். நான் எங்கள் கிணற்று நம்பரைச் சொல்லிப் பெருமையடிப்பேன். எவனும் மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மனிதரை நாங்கள் 'அளவு சார்' என்போம். இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவார். மேலே இழுத்தால் நனைந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அவர் வருவதற்கு முந்தின சாயங்காலமே அப்பா மோட்டாரை நிறுத்திவிடுவார். கிணறு ஓய்ந்திருந்தால்தான் சரியான மட்டம் தெரியுமாம். எதிர்க் கழனியில் இருப்பவருக்கும் சத்தம் போட்டுச் சொல்வார்: "மச்சான்! நாளைக்கு அளக்கறவரு வராரு, மோட்டாரு போட்றாத!"

எதிர்க் கழனிக்காரர் என் அத்தை புருஷன், முனிரத்தினம் மாமா. கிணற்றில் அவருக்குப் பாதிப் பங்கு. அப்பாவும் அவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடிக்கிற சிநேகிதம்.

அளவு சார் அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சொல்வார்: "ஆபீஸ்ல வந்து கேட்டீங்கன்னா எல்லா வருசத்து அளவும் காட்டுவாங்க. சுத்துப்பட்டு கெணறு எல்லாம் இருக்குது. யாரு வேணாலும் பாக்கலாம்."

அப்பா சிரிப்பார். "நம்ம வூட்டுக் கொழம்புல உப்பு இருக்குதான்னு ஆபீசுக்குப் போயி கேக்கறதா சார்?"

அங்கேதான் ஏமாந்தோம். அப்பாவின் கண்ணுக்குக் கிணறு எப்போதும்போலத்தான் இருந்தது. மழைக்கு ஏறும், கோடைக்கு இறங்கும். ஒவ்வொரு கோடையும் போன கோடையைவிடக் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருந்தது. அது வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நெல்லா, கேழ்வரகா என்று முடிவெடுக்க அதைவிட வேறென்ன வேண்டும்? கேட்டால் கிடைத்திருக்கும். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்தையொட்டி ஒரு நாள் மாமா வந்து உட்கார்ந்தார். கழனியை விற்றுவிட்டு ஆரணியில் விசைத்தறி போடப் போகிறாராம். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மச்சான். நீயே வச்சிக்க. முழுக் கெணறும் உன்னுதாயிடும்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா காலத்தில் பிரிந்த நிலம் ஒன்றாகச் சேரப்போகிறதே! அம்மாதான் தயங்கினாள். "யாரையாச்சும் விசாரிச்சுட்டு வாங்கலாமேங்க." அப்பா அவள்மேல் எரிந்து விழுந்தார். "இன்னாடி பேஜாரா இருக்குது? அவன் என் மச்சான்டி!" அம்மாவின் கழுத்தும் காதும் வெறிச்சோடிப் போயின. பசுக்களும் போயின. நிலம் வந்தது. கரும்பு நட்டார்.

இரண்டாவது கோடையில் கரும்பு நின்றபடியே காய்ந்தது. போர்வெல் லாரி வந்து துளைத்ததில் ஊர் முழுக்க வெள்ளைத் தூசிதான் பறந்தது. அந்த மாதமும் அளவு சார் வந்தார். நாடா மேலே வந்தபோது சாக்பீஸ் காய்ந்தே இருந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "தெரிஞ்சே ஏங்க கரும்பு வச்சீங்க? உங்க மச்சான் ஆபீசுக்கு வந்து எல்லா வருசத்தையும் பாத்துகினு போனாரே. நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன்."

"எப்பங்க?" என்றார் அப்பா.

"பத்திரம் பதியறதுக்கு முன்னாடிங்க."

மறுநாளே ஆரணிக்குப் போனோம். நானும் கூடப் போனேன். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மாமா முகம் கூடச் சுளிக்கவில்லை. "நான் இன்னா திருடினனா? யாரு வேணாலும் பாக்கலாம்னு உன் எதிர்லதானே சொன்னாரு? நீயும் போயி பாத்திருக்கலாம்ல மச்சான்?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அத்தை கொண்டுவந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். திருடியிருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம். எங்கள் கிணறு, அதை ஓய வைத்து ஒழுங்காக அளக்கவிட்டவர் என் அப்பா, அந்த அளவை வைத்தே அவரைக் கவிழ்த்துவிட்டான் அந்த ஆள். எனக்கு அன்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, மறைப்பானேன்?

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாகும்வரை அவர் யாரையும் மச்சான் என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கிணற்றை மூடியாயிற்று. மேலே வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. மஞ்சள் எண் எந்தக் கல்லுக்கு அடியில் கிடக்கிறதோ. அளவு சார் ஓய்வு பெற்ற பிறகு நாடாவோடு அந்தப் பக்கம் எவரும் வரவில்லை. செந்திலின் போனிலும் அந்தப் புள்ளியைத் தொட்டால் பிந்தைய வருஷங்கள் காலியாகத்தான் இருந்தன.

"நல்லாக் கீதுல்லண்ணா?" என்று போனை வாங்கிக்கொண்டவன், வந்தவாசி ரோட்டில் தான் ஒரு கழனி வாங்குவதாகவும், அடுத்த வாரம் பதிவு என்றும் சொன்னான். சித்தப்பாவுடைய நிலமாம்.

"அந்த ஊரையும் இதுல போட்டுப் பாத்தியாடா?" என்றேன்.

செந்தில் சிரித்தபடி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அதுக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? அவரு என் சித்தப்பாண்ணா!"